சுழி போடாத தாள்

செய்தி வந்த நேரத்தில் சந்திரமதி டோபிக் கடைப் பின்பக்கம் துணிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வட்டிக்குக் கொடுக்கும் செட்டியார்களின் கிட்டங்கியிலிருந்து வரும் வேட்டிகளுக்கு மரவள்ளி மாவுக் கஞ்சிதான் ஆகும். அரிசிக் கஞ்சி போட்டால் மலாக்காவின் கடல் ஈரத்துக்கு இரண்டே நாளில் புளித்த வாடை வரும். கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து, வேட்டியை மூக்கருகே பிடித்துக் காட்டிவிட்டுப் போவான். அதனால் அந்த வேலையை மட்டும் அவள் யாரிடமும் விடுவதில்லை. கிணற்றுக்கும் வெள்ளாவி அடுப்புக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, அகப்பையைக் கைவிடாமல் கிண்டுவாள். கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டிவிடும்.

முன்பக்கம் அவள் புருஷன் ஜெயபாலன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கரிப்பெட்டி ஒன்பது காத்தி, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ கனம். பதினெட்டு வருஷமாக அதை இழுத்து இழுத்து அவனுக்கு வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. எதிரே கோப்பிக் கடையில் வானொலி எப்போதும் ஊருக்கே கேட்கிற சத்தத்தில்தான் பாடும். பகல் தமிழ்ச் செய்தி தொடங்கியது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது, விரைவில் பொதுத் தேர்தல் என்று வாசித்தார்கள். பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றது.

பின்பக்கம் இருந்த சந்திரமதிக்கு முதலில் எட்டியது செய்தி இல்லை, தீய்ந்த வாடை. எழுந்து ஓடினாள். ஜெயபாலன் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தான். பெட்டி, பாங்கில் கணக்கெழுதும் கிராணியின் வெள்ளைச் சட்டை முதுகின்மேல் உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் பழுப்பாக ஒரு தடம். பதினெட்டு வருஷத்தில் அவன் கையில் ஒரு கைக்குட்டை கருகியதில்லை.

"என்னாங்க, சட்டை."

"பாத்தேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் திரும்பி வந்து பார்த்தபோது கஞ்சி கட்டி தட்டியிருந்தது.

அரைமணி நேரத்தில் கஜா பெராங் சாலை முழுக்க வேறு பேச்சில்லை. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. "இந்தோனேசியாக்காரன் எல்லையில துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கிறான், இந்த நேரத்துல எலெக்சனா" என்று பஸ் கண்டக்டர் தியாகு கோப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்தில் மாரியம்மன் திருவிழாவும் ஓட்டும் ஒரே வாரத்தில் வந்து மோதுமோ என்று கவலைப்பட்டார்கள். கோப்பிக் கடைக்காரர் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் இரண்டு மேசை கூடுதலாக வாங்கலாமா என்று யோசித்தார். தோசை விற்கும் பூங்காவனம் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, "நேத்துதானே போய்ப் போட்டுட்டு வந்தோம். அதுக்குள்ள அந்த ஓட்டு பழசாயிடுச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சந்திரமதி சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அது அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

டோபிக் கடைக்குப் பின்னால் போகிற சந்தில் இருபது வீடு இருக்கும். ஆஸ்பத்திரி ஆயா, லோரி டிரைவர், ரோடு கூட்டுகிறவர், பஸ் கண்டக்டர் என்று எல்லாம் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த சனங்கள். கித்தாக் காட்டில் பிறந்தவர்கள் டவுனுக்கு வந்து நிமிர்ந்த காலம் அது. நீல ஐ.சி. என்கிற குடியுரிமை அட்டை வாங்குவதற்காக இந்தச் சந்துப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வெயிலில் மூன்று நாள் வரிசை நின்றவர்கள். மெர்டேக்காவுக்கு அப்புறம் வந்த முதல் தேர்தலில், சந்துப் பெண்களை ஓட்டுப் போட அழைத்துப் போகிற பொறுப்பைக் கட்சி ஜெயபாலனிடம் கொடுத்தது. எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். ஜெயபாலன் தெம்பாகத்தான் வேலை செய்தான். சாவடி வாசல்வரை இருபத்து மூன்று பெண்களையும் கொண்டுபோய் விட்டான். பென்சில் பிடிக்கத் தெரியாதவர்களுக்குச் சந்திரமதிதான் முந்தின வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

கட்சி பதினான்கு ஓட்டில் தோற்றது. கஜா பெராங் பெட்டியில் இருபத்து மூன்று தாள் செல்லாமல் போயிருந்தது. எல்லாவற்றிலும் உச்சியில் ஒரே மாதிரி ஒரு கிறுக்கல், போட்டவர் யாரென்று காட்டுகிற அடையாளம் என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். கட்சிப் பக்கம் எண்ணிக்கையைப் பார்க்கப் போயிருந்தவர் செட்டிக் கம்பத்து விநாயகம் பிள்ளை. செட்டிக் கம்பத்துக்காரர்கள் கிட்டங்கிச் செட்டியார்கள் இல்லை, நம்மைவிட முன்னூறு நானூறு வருஷம் மூத்த மலாக்காக்காரர்கள். கோயில், பூசை எல்லாம் நம்மைப்போலவே, பேச்சு மட்டும் மலாய். தமிழ் எழுத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. 'அடா தண்டா', ஏதோ அடையாளம் இருக்கிறது, என்று மட்டும் வந்து சொன்னார்.

கிளைத் தலைவர் கலியாணசுந்தரத்துக்கு அது போதும். இரண்டு லோரி வைத்திருந்த மனுஷன், யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். கோப்பிக் கடையில் நாலு பேர் முன்னால் ஜெயபாலனைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க சந்து பொம்பளைங்க வித்துட்டாளுங்க. எதிர்ப்பக்கத்துக்குக் காட்டறதுக்குக் குறி வெச்சிருக்காளுங்க. குறி போடறது யாருக்குத் தெரியும்? டோபிக்குத்தானே தெரியும்." அன்றைக்கே தன் வீட்டுத் துணியை எடுத்துக்கொண்டுபோய்த் தெங்கேராவில் வேறு டோபியிடம் போட்டுவிட்டார். சந்துப் பெண்கள் காதுக்கு இந்தப் பேச்சைக் கொண்டுபோக யாரும் துணியவில்லை. ஜெயபாலன் அதற்கப்புறம் எதிரே இருக்கிற கோப்பிக் கடைப்படியை மிதித்ததில்லை. சாலையைத் தாண்டினால் பத்தடி. ஐந்து வருஷம் ஆயிற்று.

அந்தக் கிறுக்கல் என்ன என்று, ஜெயபாலன் வந்து சொன்ன காலையிலேயே சந்திரமதிக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளாவிப் பானைக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொல்லவே முடியாதபடி அது பெரிதாகிவிட்டது.

தேர்தல் செய்தி வந்த அன்று மூன்று மணிக்கு பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் வானம் கறுத்தது. முறுக்குக் கயிற்றில் செருகியிருந்த வேட்டிகளை இருவரும் உருவிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தடவ நான் ஓட்டு போடப் போறதில்ல," என்றான் ஜெயபாலன். "யாரும் வந்து கேட்டா, ஆளு ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

வேட்டியை மடித்துக்கொண்டே சந்திரமதி சொல்லிவிட்டாள். "அன்னைக்கு அந்தத் தாள்ல இருந்தது பிள்ளையார் சுழிங்க."

அவன் கை நின்றது.

"எந்தத் தாளு எழுதினாலும் மொத சுழி போடணும்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அவளுங்களுக்கு எழுத்தே தெரியாது. பென்சில் கையில குடுத்தா எதுல ஆரம்பிக்கறது? சுழியிலதானே. சுழிய போடு, அப்புறம் ரெண்டாவது கட்டத்துல பெருக்கல் குறிய போடுன்னு சொன்னேன். நானும் அப்படித்தான் போட்டேன்."

முதல் தூறல் விழுந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. செட்டியார் வேட்டிகள் நனைந்துகொண்டிருந்தன.

"அஞ்சு வருசம்," என்றான் அவன்.

"ஆமா."

"நான் திருட்டுப்பயலாட்டம் தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமா," என்றாள் மறுபடியும். அழுதால் அவன் கோபம் குறையும் என்று தெரியும். அப்படிக் குறைப்பது நியாயமில்லை என்று பட்டதால் அழாமல் நின்றாள்.

அதற்கப்புறம் எட்டு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. அவள் வைத்த சோற்றை, நெத்திலிச் சம்பலை, கங்கோங் கீரைப் பிரட்டலை, குனிந்த தலையோடு தின்றுவிட்டுக் கைகழுவினான். துணி கொடுக்கும்போதுகூட மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தான். இதற்குள் ஊர் தடதடத்துக் கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் காடி உஜோங் பாசிருக்கும் தெங்கேராவுக்கும் போய்ப் போய் வந்தது. போன மாதம்வரை சந்துக்குள் கால் வைக்காதவர்கள் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்து, பூங்காவனத்தின் முட்டிவலியை விசாரித்தார்கள். "வருசத்துக்கு ரெண்டு எலெக்சன் வெச்சா என் முட்டி நல்லாயிடும்," என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் காலை ஜெயபாலன் கரியை ஊதிக்கொண்டே, பெட்டியைப் பார்த்துப் பேசினான். "என்கிட்ட சொல்லி என்னா பிரயோசனம். என்னைக் கேட்டது நாலு பேரு முன்னால."

சந்திரமதி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு விநாயகம் பிள்ளையின் சலவைச் சட்டைகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, சாலையைத் தாண்டினாள்.

கோப்பிக் கடைக்குள் பெண்கள் வருவதில்லை. வாசலில் நின்று பொட்டலம் வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். அன்றைக்குக் கட்சிக்காரர்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கலியாணசுந்தரம், கையில் ஒரு தாள், வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். சந்துக்குப் பொறுப்பு தியாகு என்று எழுதியாகிவிட்டது. சந்திரமதி நேராக மேசைக்கே வந்ததும் பேச்சு நின்றது.

சட்டைகளை விநாயகம் பிள்ளைமுன் வைத்தாள். சந்தையில் பேசும் பாசார் மலாயில் கேட்டாள்: போன தேர்தலில் செல்லாத தாள்களில் ஒரு அடையாளம் பார்த்தீர்களே, அது எப்படி இருந்தது? அவர் கையைக் காற்றில் சுழற்றிப் பார்த்தார். சொல்ல வரவில்லை. மேசையின் வெள்ளைப் பளிங்கில் கோப்பி சிந்தியிருந்தது. சந்திரமதி அதில் விரலைத் தொட்டு, ஒரு சுழி சுழித்து, நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"சமா," என்றார் விநாயகம் பிள்ளை. "சமா லா." அதேதான் என்று.

மேசையைச் சுற்றியிருந்த தமிழர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயரிலேயே விநாயகரை வைத்துக்கொண்டிருந்த அந்த மனுஷர் ஒருவருக்குத்தான் அது என்னவென்று புரியவில்லை.

"நாந்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றாள் சந்திரமதி. "யாரும் விக்கல. யாரும் வாங்கல. சாமிய கும்புட்டு ஓட்டு போட்டோம், அது தப்பாப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. தெரியாத மனுசன அஞ்சு வருசம் தண்டிச்சிட்டீங்க. அதுல பாதி என் பாவம், மீதி ஒங்க பாவம்."

"தாளுல கிறுக்கினா செல்லாதுன்னு ஒரு சின்ன விசயம் தெரியாதா?" என்றார் கலியாணசுந்தரம். "படிச்சவன் எவனாச்சும் ஓட்டுச் சீட்டுல சுழி போடுவானா?"

சந்திரமதி அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தியாகுவும் பார்த்தான். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஆள் பிரித்து எழுதிய அந்தத் தாளின் உச்சியில், நடுநாயகமாக, தலைவர் கையாலேயே போட்ட பிள்ளையார் சுழி இருந்தது.

முதலில் சிரித்தது கோப்பிக் கடைக்காரர். கலியாணசுந்தரம் தாளைக் கவிழ்த்து வைத்தார். முகம் சிவந்திருந்தது. வீம்பு மட்டும் இறங்கவில்லை.

"சரி, இப்ப என்னாங்கறே?"

"எங்க சந்த எங்கிட்ட விடுங்க. வேற ஆளு வேணாம். அன்னைக்குச் சொன்ன வார்த்தையத் திருப்பி வாங்கிக்கணும்."

"ஜெயிச்சுட்டுப் பேசு," என்றார். "ஒங்க சந்துல இருந்து செல்லாத ஓட்டு ஒண்ணுகூட விழக்கூடாது. நம்ம ஆளும் ஜெயிக்கணும். அப்புறம் நானே துணி மூட்டையத் தூக்கிக்கிட்டு ஒங்க கடைக்கு நடந்து வர்றேன்."

"காடியில வரக்கூடாது," என்றாள் சந்திரமதி. "நடந்துதான் வரணும்."

திரும்பி வந்தபோது ஜெயபாலன் வாசலில் நின்றிருந்தான். பத்தடிச் சாலைதானே, எல்லாம் கேட்டிருக்கும். உள்ளே போய், ஒரு டம்ளரில் கோப்பி ஊற்றிக்கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் அதை அப்படியே குடித்தாள்.

அதற்கப்புறம் சாயங்காலமானால் கடைப் பின்பக்கம் பள்ளிக்கூடம்தான். சாயம் போன ஆஸ்பத்திரி விரிப்பு இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அடுப்புக் கரியால் ஜெயபாலன் கட்டம் போட்டுக் கொடுத்தான். இந்தத் தடவை ஆளுக்கு இரண்டு தாள்: ஒன்று கோலாலம்பூர் நாடாளுமன்றத்துக்கு, ஒன்று மலாக்கா சட்டசபைக்கு. சந்தில் மூன்று பேர் புதிதாக ஓட்டுக்கு வந்திருந்ததால் மொத்தம் இருபத்தாறு பெண்கள். குந்தியும் சாய்ந்தும் பிள்ளையை மடியில் போட்டும் உட்கார்ந்தார்கள்.

முதல் நாளே சந்திரமதி உண்மையைச் சொல்லிவிட்டாள். "போன தடவ நாம ஓட்டு போட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். போடல. நம்ம தாள எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க. எண்ணவே இல்ல. என்னாலதான்."

ஆஸ்பத்திரி ஆயா ருக்மணி மெதுவாகக் கேட்டாள். "மூணு நாளு வெயில்ல நின்னு வாங்குன ஐ.சி. அக்கா. எண்ணவே இல்லியா?"

"இல்ல."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ருக்மணி எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரித்துண்டை வாங்கிக்கொண்டாள். "எங்க போடணும், காட்டுங்க," என்றாள்.

வம்பு பண்ணியது பூங்காவனம்தான். "சுழி போடாம நான் தோசைக் கணக்குக் கோடுகூட கிழிச்சதில்ல. நாட்டையே ஆளப்போறவனுக்குப் போடற தாளு. பிள்ளையார் இல்லாம எப்படி வெளங்கும்?"

அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று சந்திரமதிக்குத் தெரிந்தது. உள்ளே போய்ச் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். காலரை மடித்துக் காட்டினாள். சேங்கொட்டை மையில் சின்னதாக இரண்டு புள்ளி, ஒரு கோடு.

"இது யாரு சட்டை?"

சந்தில் வளர்ந்தவர்களுக்கு டோபிக் குறி ஓரளவு தெரியும். "தமிழ்ப்பள்ளி வாத்தியாரோடது," என்றார்கள்.

அவள் கரியால் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். "இப்ப?"

பூங்காவனம் உற்றுப் பார்த்தாள். "மூணு புள்ளியா? அப்படி யாருக்கும் இல்லியே."

"இல்லதானே. சட்டை நல்ல சட்டை. வெளுத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டாச்சு. ஆனா ஒரு புள்ளி கூடிப்போச்சு. யாரு வீட்டுக்கும் போகாது. இங்கியே கெடந்து மக்கும். ஓட்டும் அப்படித்தான் பெரியம்மா. புள்ளி சாமியோடதா இருந்தாலும் கூடினது கூடினதுதான். குறி போடற பொழப்பு பொழைக்கறவ நான், எனக்கே அன்னைக்கு இது தோணல."

பூங்காவனம் அந்தக் கரிப் புள்ளியை விரலால் அழித்தாள். "அப்ப பிள்ளையார எங்கதான் விடறது?"

அதற்கும் சந்திரமதி யோசித்து வைத்திருந்தாள். சாவடிக்கு வெளியே கட்சிக்காரர்கள் மேசை போட்டு, பெயரும் நம்பரும் எழுதின துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். "அந்தச் சீட்டுல போட்டுக்குங்க. எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடுங்க. பிள்ளையார் எந்தக் கோயில்லயும் வாசல்லதானே இருக்காரு. வெளியிலயே அவர கும்புட்டுட்டு உள்ள போவோம்."

இது எல்லாருக்கும் பிடித்துப்போனது. சாமியையும் விடவில்லை, ஓட்டையும் விடவில்லை. ஆனாலும் கைப்பழக்கம் லேசில் போகுமா? விரிப்பின்முன் கரியோடு நிற்கச் சொன்னால், பூங்காவனத்தின் கை தானாக மேலே போகும். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவார்கள். விரிப்பைத் துவைத்து மறுபடி கட்டம் போடுவான் ஜெயபாலன். ஒரு நாள் அதே விரிப்பை நாலு தடவை துவைத்தான். "இந்த எலெக்சன் முடியறதுக்குள்ள விரிப்பு கிழிஞ்சிரும்," என்றான். எட்டு நாள் மௌனத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. சந்திரமதி குனிந்துகொண்டு சிரித்தாள்.

சித்திரை பிறந்து பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, ஓட்டு. விடிகாலையிலேயே கனத்த மழை. டோபிக் கடை சாத்தியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு ஜெயபாலன் உட்கார்ந்திருந்தான். சட்டையில் மடிப்பு கலையவில்லை. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அவன் கட்சி மேசையில் உட்காருகிறான். சீட்டு எழுதிக் கொடுத்து, கூடவே பென்சிலையும் நீட்டினான். இருபத்தாறு பெண்களும் ஆளுக்கு ஒரு சுழி போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். எதிர்க்கட்சி மேசைக்காரன் இதை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரமதி உள்ளே போய், மறைப்புக்குள் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு நின்றாள். உச்சியில் வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. இரண்டாவது கட்டத்தில் குறியைப் போட்டாள். அடுத்த தாளிலும் போட்டாள். இரண்டு முறை சரிபார்த்தாள். மடித்துப் பெட்டியில் போட்டு வெளியே வந்தாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பூங்காவனம் மட்டும் வரவில்லை. உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆயிற்று. கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வந்தாள்.

"போட்டுட்டேன்," என்றாள்.

"எதப் போட்டீங்க?" என்றாள் சந்திரமதி.

"ஓட்டத்தான்டி. கை மேலதான் போச்சு. இடது கையால ஒரு அடி போட்டேன். அடங்கிருச்சு." வலது புறங்கையை நீட்டினாள். நிஜமாகவே சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் விநாயகம் பிள்ளை சைக்கிளில் வந்தார். இராத்திரி முழுக்க எண்ணிக்கையில் இருந்தவர், கண் சிவந்து, சட்டை கசங்கியிருந்தது. நேராகக் கலியாணசுந்தரம் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு டோபிக் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சந்திரமதியைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார்.

"தாடா லா. சத்து பூன் தாடா."

இல்லை, ஒன்றுகூட இல்லை என்று. கஜா பெராங் பெட்டியில் சுழி போட்ட தாள் ஒன்றுகூட இல்லை. மலாக்காத் தாளில் கட்சி ஜெயித்தது பத்தொன்பது ஓட்டில் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார்.

பத்தொன்பதில் எத்தனை யாருடையது என்று கணக்குப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. இருபத்தாறு பேர் போட்டோம், பத்தொன்பதில் ஜெயித்தோம், அது போதும். சந்து கொண்டாடிய கொண்டாட்டத்தை என்னவென்று சொல்ல! ருக்மணி குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். தியாகு எங்கிருந்தோ ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். பூங்காவனம் அன்றைய தோசை முழுவதையும் சும்மா கொடுத்தாள். "நாளைக்கு மறுபடி எலெக்சன் வெச்சாலும் வெப்பானுங்க, இன்னைக்கே தின்னுக்குங்க," என்றாள். ஜெயபாலன் சாலையைத் தாண்டிக் கோப்பிக் கடைக்குள் போனான். எல்லாரும் எழுந்து இடம் விட்டார்கள். நடு மேசையில் உட்கார்ந்து, ஒரு கோப்பி கேட்டு, அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தான். தன் கடை வாசலில் நின்று சந்திரமதி அதைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். ஐந்து வருஷமாக அடக்கி வைத்தது, நிற்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல அவள் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். இது கிட்டங்கி, இது பாங்கு, இது ஆஸ்பத்திரி. வாசலில் நிழல் விழுந்தது. கலியாணசுந்தரம் நின்றிருந்தார். தோளில் பெரிய துணி மூட்டை. நடந்துதான் வந்திருந்தார். முதுகெல்லாம் வேர்வை. கோப்பிக் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூட்டையை இறக்கி வைத்தார். ஜெயபாலனைப் பார்த்தார். "அன்னைக்கு நான் பேசினது தப்பு, பாலா," என்றார். கோப்பிக் கடைக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார். அதைச் சொல்லத் தெரிந்திருந்ததே என்று சந்திரமதிக்கு அந்த மனுஷர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"உக்காருங்க அண்ணே," என்றான் ஜெயபாலன். "பசியாறிட்டீங்களா?"

சந்திரமதி மூட்டையைப் பிரித்தாள். மேலே இருந்தது ஒரு ஜிப்பா. காலரைத் திருப்பினாள். தெங்கேரா டோபி போட்ட குறி மங்கிக் கிடந்தது. அவர் வீட்டுக்கு அவள் முன்பு வைத்திருந்த குறி அவளுக்கு மறக்கவில்லை. ஒரு வட்டம், அடியில் இரண்டு கோடு. ஆனால் அவள் சேங்கொட்டை மையில் குச்சியைத் தோய்த்து, காலரின் உள்பக்கம், நிதானமாக, ஒரு சுழி சுழித்து நீளமாகக் கோடு இழுத்தாள். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கை அதைத் தயங்காமல் போட்டது.

கலியாணசுந்தரம் எட்டிப் பார்த்தார். "என்னா இது?"

"இனிமே ஒங்க வீட்டுக் குறி இதுதாங்க," என்றாள் சந்திரமதி. "வேற யாருக்கும் இத போடமாட்டேன். எத்தன தடவ வெளுத்தாலும் போகாது."

பின்னால் ஜெயபாலன் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்கக் குலுங்க, கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சாலையைத் தாண்டிக் கோப்பிக் கடைக்குள் போய் அங்கேயும் தொற்றிக்கொண்டது. சந்திரமதி ஜிப்பாவை ஓரமாகப் போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.